இறங்க இடமில்லாத ரோடு

கோர்ட்டுக்குப் போக வேண்டிய நாள் நெருங்க நெருங்க, வேலுத்தாய்க்கு அந்த வீட்டில் சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை. வீடு தம்பி சங்கரபாண்டியுடையது. கேஸும் அவன் மேல்தான். அவன் ஓட்டி வந்த பஸ் மோதித்தான் அவள் புருஷன் சோலைமுத்து செத்துப்போனான். சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்த வேலுத்தாய் தோள் எலும்பு முறிந்ததோடு தப்பித்துக்கொண்டாள். பிள்ளைகுட்டி கிடையாது. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள் சங்கரபாண்டியே வந்து அவளுடைய துணிமூட்டையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். அவளும் எழுந்து போனாள். கொன்றவன் வீட்டிலா போய் உட்காருவாள் என்று பேசியவர்களில் ஒருவர்கூட எங்கள் வீட்டுக்கு வா என்று கூப்பிடவில்லை.

இடைசெவலைத் தாண்டிக் கிழக்கே பிரிகிற கிளை ரோடு அது. தார் போட்டது சரியாக ஒரு பஸ் போகிற அகலத்துக்கு. இரண்டு பக்கமும் கரிசல், பருத்தியும் கம்பும். பஸ் வந்த காலத்திலிருந்தே ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. பின்னால் ஹாரன் கேட்டால் சைக்கிள்காரன் தாரை விட்டு இறங்கி, ஒரு காலை மண்ணில் ஊன்றி நிற்பான். பஸ் போகும். தூசி அடங்கினதும் ஏறிக்கொள்வான். யாரும் சட்டம் போடவில்லை. பெரிய வண்டிக்குச் சின்ன வண்டி ஒதுங்க வேண்டியதுதானே என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள்.

சோலைமுத்துவின் சைக்கிளைக் கண்டுவிட்டால் மட்டும் சங்கரபாண்டிக்குக் குஷி பிறந்துவிடும். அக்காள் புருஷன் அல்லவா? ஜன்னலுக்கு வெளியே தொங்குகிற ரப்பர் ஹாரனைச் சின்னதாக மூன்று தடவை அமுக்கி, நாலாவதை மாடு கத்துகிற மாதிரி நீட்டி விடுவான். பஸ்ஸுக்குள் இருப்பவர்களுக்கு விஷயம் தெரியும். தலையை வெளியே நீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். சோலைமுத்து கடைசி நிமிஷம் வரை இறங்காமல் போக்குக் காட்டி, பஸ் முதுகை முட்டப் போகிற நேரத்தில் சட்டென்று ஒதுங்குவான்.

"ஏ மாப்ளே, ஒங்க அக்காளக் கெட்டிக்குடுத்தப்பவே இந்த ரோட்டையும் சேத்து எழுதிக் குடுத்திருக்கணும்லே."

"ரோட்ட எழுதிக் குடுக்க நான் என்ன கலெக்டரா அத்தான்? நில்லுங்க, நின்னு தூசியத் தின்னுட்டு வாங்க."

பஸ்ஸே சிரிக்கும். ராத்திரி அதே இரண்டு பேரும் வேலுத்தாய் வீட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அப்போதும் பேச்சு ரோட்டில்தான் வந்து நிற்கும். நானும் பஞ்சாயத்தில் வரி கட்டி சைக்கிளுக்கு வில்லை வாங்கி மாட்டியிருக்கிறேன், நீ ஹாரனுக்கென்று தனியாக வரி கட்டுகிறாயா என்பான் இவன். என் வண்டிக்குள் அறுபது உசிர் இருக்கிறது, ஒத்தை சைக்கிளுக்காக நான் பிரேக்கை மிதிக்கணுமா என்பான் அவன். கேலியாக ஆரம்பிக்கும். சில நாள் குழம்பு ஊற்றும்போது பார்த்தால் இரண்டு முகத்திலும் கேலி இருக்காது. மறுநாள் ஹாரன் சத்தம் கேட்டால் சரியாகிவிடும்.

அன்றைக்குக் கார்த்திகை மாதம். இரண்டு நாளாக மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. வேலுத்தாய்க்குக் கடைவாய்ப் பல் வலி பொறுக்க முடியாமல், கோவில்பட்டிக்குக் கூட்டிப்போய்ப் பிடுங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வாய் நிறையப் பஞ்சு. பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இனி ஒரு வாரம் வீட்டில் நிம்மதி என்று சோலைமுத்து வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

கிளை ரோட்டில் திரும்பியதும் எதிரே பருத்தி லாரி ஒன்று வந்தது. இறங்கினார்கள். மழை குடித்த கரிசலைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். பிசைந்த மாவு மாதிரி சக்கரத்தில் சுற்றிக்கொண்டு வரும். மட்கார்டுக்குள் போய் அடைத்துக்கொண்டால் சக்கரம் சுற்றாது. தள்ளவும் முடியாது. தோளில் தூக்கி வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி கிடையாது. சோலைமுத்து கருவக் குச்சி ஒன்றை ஒடித்துக் குத்திக் குத்தி மண்ணை எடுத்தான். வேலுத்தாயின் செருப்பு ஒன்று மண்ணுக்குள்ளேயே போய்விட்டது. ஒரு வழியாக மறுபடியும் தாரில் ஏறி மிதிக்க ஆரம்பித்தபோது, பின்னால் ரப்பர் ஹாரன் கேட்டது. சின்னதாக மூன்று, நீளமாக ஒன்று.

"ஒந்தம்பிதான் வாரான். இன்னைக்கு எறங்க மாட்டேன். எறங்கினா சைக்கிளு எம்மேலல்லா ஏறிட்டு வரும்."

பஞ்சை வைத்துக்கொண்டே அவள் சிரித்தாள். மறுபடி ஹாரன், இன்னும் கிட்டத்தில். திரும்பிப் பார்த்தாள். கத்த முடியாமல், பொறு என்று கையை உயர்த்திக் காட்டினாள். மழைத் தண்ணீர் வழிகிற கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். பிரேக் பிடிக்கும் சத்தம் கேட்டது. மாட்டு வண்டிகள் இழுத்துப் போட்டிருந்த கரிசல் தாரின் மேலே வழவழவென்று படர்ந்து கிடந்தது. பஸ் நிற்காமல் வழுக்கிக்கொண்டே வந்தது.

சங்கரபாண்டியின் லைசென்ஸைப் போலீஸ் வாங்கிக்கொண்டது. பஸ்ஸுக்கு வேறு டிரைவர் வந்துவிட்டான். இவன் ஜாமீனில் வந்து, கூலிக்குக் களையெடுக்கப் போனான். தண்டனை கிடைத்தால் ஜெயிலுக்குப் போக வேண்டும், அதற்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. அவனுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். பஸ் முதலாளி வைத்துக் கொடுத்த வக்கீல் வீட்டுக்கே வந்து வேலுத்தாயிடம் பக்குவமாகச் சொன்னார். கிட்டத்தில் பார்த்தது நீங்கள் ஒருத்திதான், அம்மா. அவர் ஹாண்டிலை ரோட்டின் நடுப்பக்கம் திடீரென்று ஒடித்துவிட்டார் என்று சொல்லுங்கள், அது போதும். சங்கரபாண்டி அந்தப் பேச்சு முடிகிறவரைக்கும் வீட்டுக்குள் வரவில்லை. அவன் ஒருநாளும் அவளிடம் அதைக் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டிருக்கலாம்.

கேட்டது அவன் பெண்சாதி சொர்ணத்தாய்தான்.

"மதினி, ஒத்த வார்த்தைதான. ஒடிச்சிட்டாவன்னு சொன்னா போனவியளுக்கு என்ன கொறஞ்சுபோகும்? இருக்கவியளக் காப்பாத்துங்க. நாம ரெண்டு பேரும் அவிய கையப் பாத்துத்தான இருக்கோம்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. வேலுத்தாய் அவள் போட்ட சோற்றில் கையை வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

இன்னொரு நாள் சோலைமுத்துவின் அண்ணன் நல்லக்கண்ணு வந்தார். வீட்டுக்குள் வரமாட்டேன் என்று வாசலிலேயே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். குறுக்கே விட்டான் என்று நீ சொன்னால், குடித்துவிட்டு ஓட்டினான் என்று ஊர் சொல்லும், அவனுக்காகப் பேச நீ ஒருத்திதான் இருக்கிறாய் என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கடைசியில் அவள் தம்பி பக்கமே சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தாள். வேறென்ன செய்ய? செத்தவன் மன்னிப்பான், அவன் குணம் அப்படி. உயிரோடு இருக்கிறவர்களோடுதான் காலத்தைத் தள்ள வேண்டும்.

கோவில்பட்டிக் கோர்ட்டில் கூண்டுக்குள் ஏறி நின்றபோது அந்த வார்த்தை வாயில் தயாராக இருந்தது. சர்க்கார் வக்கீல் கேட்டதற்கெல்லாம் சுருக்கமாகப் பதில் சொன்னாள். அப்புறம் தம்பியின் வக்கீல் எழுந்தார். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"ஹாரன் கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சு."

"கேட்டா சைக்கிள் இறங்கிக்கிறது வழக்கம்தானே?"

"வழக்கந்தான்."

"அன்னைக்கு இறங்கலை. ஏன்? திடீர்னு நடுவுல ஒடிச்சிட்டாரா?"

அந்த வார்த்தைக்குக் கதவைத் திறந்துவைத்துவிட்டு அவர் ஒதுங்கி நின்றார். ஆமா என்றால் முடிந்தது. ஆனால் அந்த சைக்கிளில் அவளும் உட்கார்ந்திருந்தாள். அது ஆடாமல் அசையாமல் நேராகப் போனது அவள் முதுகுக்குத் தெரியும். மனசு ஒத்துக்கொண்ட பொய்யை உடம்பு சொல்ல மறுத்தது.

"இல்லய்யா. நேராத்தான் போச்சு. எறங்க எடமில்ல."

"ரெண்டு பக்கமும் காடாத்தானே கிடக்கு?"

"மழைக்கு எறங்கினா சக்கரம் சுத்தாது. அதுக்கு முந்தி ஒருக்க எறங்கித்தான் செரமப்பட்டோம்."

வக்கீல் இந்தப் பக்கத்துக்காரர்தான். கரிசல் அவருக்கும் தெரியும். அதையே பிடித்துக்கொண்டார்.

"சரி. பஸ் இறங்கினாலும் அச்சு வரைக்கும் புதைஞ்சிரும். இல்லையா?"

"ஆமா. புதைஞ்சிரும்."

"சைக்கிளும் இறங்க முடியாது, பஸ்ஸும் இறங்க முடியாது. அப்போ என் கட்சிக்காரர் என்னதான் செய்திருக்கணும்? நீங்களே சொல்லுங்க."

பதில் எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி இல்லை. கேட்டுவிட்டு அவர் உட்காரப் போனார்.

"பின்னாலயே வந்திருக்கலாம்யா," என்றாள் வேலுத்தாய். "ஊரு பக்கத்துலதான்."

எழுதிக்கொண்டிருந்த மாஜிஸ்திரேட் தலையைத் தூக்கி, என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். சரியாகக் காதில் விழவில்லை போல. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இந்தத் தடவை எதிர்க் கூண்டில் நின்ற தம்பியின் முகம் கண்ணுக்கு நேராக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

தீர்ப்பை வேறொரு தேதிக்குத் தள்ளிவைத்தார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் நல்லக்கண்ணு காத்திருந்தார். "நல்லாச் சொன்னே தாயி. அவன் மானத்தக் காப்பாத்திட்டே," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சைக்கிளில் ஏறி மிதித்துப் போய்விட்டார். வா என்று சொல்வாரோ என்று அவள் தெரு திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சொர்ணத்தாய் அழவில்லை, ஏசவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"இன்னைக்கு எங்க போவீய மதினி?"

சங்கரபாண்டிதான் சொன்னான்.

"வேற எங்க? நம்ம வீட்டுக்குத்தான்."

அதில் அன்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. அவன் திட்டியிருந்தால், எங்கேயாவது போய்த் தொலை என்று துரத்தியிருந்தால், கயத்தாறு பக்கம் களையெடுத்தாவது பிழைத்துக்கொள்ளலாம் என்று அவள் கிளம்பியிருப்பாள். அந்த வழியையும் அவன் அடைத்துவிட்டான்.

பஸ் ஸ்டாண்டில் சொர்ணத்தாய் தள்ளிப்போய் நின்றபோது, அவன் அக்காள் பக்கம் திரும்பாமலே பேசினான்.

"நீ கைய ஒசத்துனதப் பாத்தேங்க்கா. என்னப் பாத்து சும்மா காட்டுதன்னு நெனச்சேன். நானும் பதிலுக்குக் கை காட்டினேன்."

அவள் அவன் கையைப் பார்த்தாள்.

"அதுக்கப்பொறந்தான் பிரேக்குல கால வச்சேன்," என்றான். "அத யாரும் கேக்கல."

இதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வாள்? முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அவர்கள் ஊருக்கு ஒரே பஸ்தான். அதே பஸ் வந்து நின்றது. ஏறினார்கள். சொர்ணத்தாய் உட்கார்ந்த சீட்டில் இன்னொருவருக்கு இடம் இருந்தது. அவள் நகரவில்லை. வேலுத்தாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சங்கரபாண்டி இரண்டு ஆள் தள்ளி நின்றான். தெரிந்த முகங்கள் எல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தன.

கிளை ரோட்டில் திரும்பினதும் முன்னால் ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. பின்னால் புல்லுக்கட்டு. புது டிரைவர் ஹாரன் அடித்தான். சித்திரை மாதத்துக் கரிசல் வெடித்துக் காய்ந்து கிடந்தது. சைக்கிள்காரன் உடனே இறங்கி, ஓரத்தில் கால் ஊன்றி, தூசிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பஸ் வேகம் குறையாமல் தாண்டிப் போனது. சங்கரபாண்டி குனிந்து, அந்த ஆள் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்ப்பதை அவள் பார்த்தாள். இறங்க வேண்டிய இடம் வருகிறவரைக்கும் இரண்டு பேரும் அசையவில்லை.