ஜவ்பர் நானாவின் முழங்கால்

உதைபந்தாட்டத்தில் மற்ற இடங்களுக்கு மாற்று ஆளாக இருப்பவனுக்கு என்றைக்காவது ஒருநாள் வாய்ப்பு வரும். இரண்டாவது கீப்பருக்கு வராது. முதல் கீப்பர் விழ வேண்டும், அல்லது கிழவனாக வேண்டும். எங்கள் புத்தளத்துக் கழகத்தின் முதல் கீப்பர், எங்கள் எல்லாருக்கும் அண்ணன் முறையான ஜவ்பர் நானா, முப்பத்துநான்கு வயதிலும் இரண்டுமே செய்யாத மனிதர். ஆறு வருடமாக நான் சம்பளம் வாங்கிக்கொண்டு கோட்டோரத்தில் உட்கார்ந்து கதிரை தேய்த்தேன். ஆடிய மெட்ச் ஐந்து.

அவரில் எனக்குப் பொறாமை. நல்ல மனிதர் என்பதால் அதை வெளியே காட்டவும் முடியவில்லை. அது இன்னும் எரிச்சல்.

அந்த நோன்பு மாதத்தில் எங்களுக்கு அரையிறுதி. மாலைதீவுக் கழகம் ஒன்றிலிருந்து ஒருவர் நானாவைப் பார்க்கவென்றே வந்திருந்தார். பிடித்துப்போனால் இரண்டு வருட ஒப்பந்தம்.

"இதுதான் எனக்குக் கடைசி பஸ், அஸ்மி," என்று நானா காலையில் சொன்னார்.

நோன்பில் மெட்ச்சை, நோன்பு திறக்கும் மஃரிபு நேரத்துக்கு முன்பே முடித்துவிடுவார்கள். அன்று பிரதம அதிதி ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தார். அவர் கைகுலுக்காமல் இந்த நாட்டில் பந்து உருளாதே. எண்பதாவது நிமிடத்தில் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது.

பாங்கு கேட்டால் கீப்பர் விழுவார். இது எங்கள் கழகத்தின் எழுதாத சட்டம். வேறு யாராவது விழுந்தால் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். கீப்பர் விழுந்தால் மத்தியஸ்தர் நிறுத்தித்தான் ஆக வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தில் எல்லாரும் கோட்டோரம் ஓடிவந்து நோன்பு திறக்க ஈத்தம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார்கள். பழப் பெட்டியை நீட்டிக்கொண்டு நிற்பது என் உத்தியோகம்.

நானா முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழகாக விழுந்தார்.

எங்கள் கோச் அனுஷ்கா சிலாபத்துச் சிங்களவர், வந்து மூன்று வாரம்தான். இந்தச் சட்டத்தை அவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நமக்குத் தெரிந்தது ஊருக்கெல்லாம் தெரியும் என்றுதானே நினைப்போம். அவர் பதறிப்போய், தம்பி என்று சிங்களத்தில் கூப்பிட்டபடி என் தோளைப் பிடித்தார்.

"மல்லி, அவனுக்கு என்ன? விளையாட ஏலுமா?"

நோன்பு திறக்கத்தான் விழுந்தார் என்று சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்.

"முழங்கால் சேர்," என்றேன். "இனி ஏலாது போல."

மாற்று ஆளுக்கான பலகை உயர்ந்தது. நானா துள்ளி எழுந்து, "எனக்கு ஒண்டுமில்ல சேர், நான் ஆடுறன்!" என்று கத்தினார். அனுஷ்கா கேட்கவில்லை. வெளியே எடுத்த ஆளை மறுபடி இறக்க முடியாது. கையுறையோடு நான் உள்ளே ஓடியபோது நானா என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

நான் நன்றாக ஆடினேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். சமநிலையில் முடிந்து பெனல்டிக்குப் போனது. இரண்டைத் தடுத்தேன். பொடியன்கள் என்னைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். கீழே இறங்கியபோது மாலைதீவுக்காரர் அனுஷ்காவோடு நானாவின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். முழங்கால் உண்மையிலேயே மோசமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அவரும் நோன்பாளி. உண்மையைச் சொன்னால் நிச்சயம் விளங்கிக்கொள்வார். ஆனால் பக்கத்திலேயே கோச் நிற்கிறார். பொய் சொன்னது யார் என்பதும் சேர்ந்து வெளியே வரும், அத்தோடு என் கதை முடிந்தது. நானா என்னைப் பார்த்தார்.

"ஓம் சேர்," என்றார். "கன நாளா நோவுதான்."

மாலைதீவுக்காரர் அவருடைய தோளில் தட்டிவிட்டு, என் பக்கம் திரும்பிப் பெயர் கேட்டார்.

கழகத்து வான் வண்டிக்கு நடக்கும்போது நானா வலது காலை இழுத்து இழுத்து நொண்டினார். மாலைதீவுக்காரர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தேன். நானா கையைப் போட்டுக்கொண்டார்.

"நோன்போட பொய் சொன்னா நோன்பே வீண். திறந்த பொறகுதானே அந்தப் பொய்யச் சொன்ன நீ?"

பெட்டியை நீட்டிக்கொண்டு நின்ற எனக்கு அந்த நேரம் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போயிருக்கவில்லை.

"ஓம் நானா," என்றேன்.