முதலில் இறால்கள் செத்தன

இடுப்பு வலி, பதினாறு வயதில் கரும்பு வெட்டப் போன முதல் வாரத்தில் பிடித்தது. அறுபதை நெருங்கியும் விடவில்லை. அந்தச் சனிக்கிழமை காலை குனிந்து குனிந்து செத்த மீன் பொறுக்கியதில், முதுகெலும்பின் அடியில் யாரோ ஆணி வைத்து அடிக்கிற மாதிரி இருந்தது. கரும்பு வெட்டினால் வலிக்குக் கூலியாவது கிடைக்கும். செத்த மீனைப் பொறுக்கினால் வசவுதான் கிடைக்கும்.

நூற்றுப் பதினாலு. நோட்டில் எழுதிவிட்டு, வாளியை மூடிவிட்டு, தொட்டி விளிம்பில் உட்கார்ந்தேன்.

எங்கள் தீவில் லவுட்டோக்கா ஊருக்கு வெளியே, கடலோரத்தில் இருக்கிறது எங்கள் தகரக் கொட்டகை. உள்ளே நாற்பது தொட்டி. கிராமத்து ஆட்கள் பவளப்பாறையில் முக்குளித்து உயிரோடு பிடித்து வரும் வண்ண மீன்களைச் சில நாள் இங்கே வைத்துத் தேற்றுவோம். பிறகு பையில் தண்ணீரும் ஆக்சிஜனும் அடைத்து, சனிக்கிழமை விமானத்தில் அமெரிக்காவுக்கு அனுப்புவோம். அங்கே யாரோ வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நீந்தும். பதினோரு வருஷமாகத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது நான், அப்பலசாமி.

ஜனவரியில் ஆரம்பித்த சாவு இது. வெள்ளி சாயந்திரம் வரை துள்ளிக்கொண்டிருக்கும். சனி காலை வந்து பார்த்தால், முதலில் சிவப்பு இறால்கள் மல்லாந்து காலை உதறிக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு நீலக் குஞ்சு மீன்கள் தலைகீழாகச் சுற்றி, மேலே வந்து வாய் பிளக்கும். மத்தியானத்துக்குள் அடங்கிவிடும். மாடென்றால் கத்தும், கன்றென்றால் மூக்கு ஒழுகும். இந்தப் பிராணிகளுக்கு எங்கே வலிக்கிறது என்று எந்தக் கடவுள் வந்து சொல்லப் போகிறார்?

நான் செய்யாதது எதுவும் பாக்கியில்லை. உப்பு அளந்தேன், சரியாக இருந்தது. அம்மோனியா பார்த்தேன், இல்லை. தண்ணீரில் செம்பு கலந்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. தண்ணீர் முழுக்க மாற்றினேன். குழாய்களைக் கழற்றித் தேய்த்தேன். பிரிஸ்பேனில் இருக்கும் மீன் டாக்டர் செவுளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். "பல காரணம் இருக்கலாம்" என்று எழுதினார். இதைச் சொல்ல ஒரு டாக்டர் படிப்பு! பழைய காற்றுப் பம்பு எரிந்துபோய் ஜனவரியில்தான் புதிதாக ஒரு பெரிய ஊதுபொறி வந்தது. அதிலிருந்துதான் நாற்பது தொட்டிக்கும் காற்று போகிறது. எண்ணெய் கசிகிறதா என்று அதையும் துணி வைத்துத் துடைத்துப் பார்த்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. புது இயந்திரம் வந்தால் செய்ய வேண்டியதையும் குறைவில்லாமல் செய்திருந்தேன்: குங்குமம் வைத்து, செம்பருத்தி சாத்தி, பக்கத்துச் சுவரில் மாரியம்மன் படம் மாட்டி, வெள்ளிக்கிழமை தவறாமல் தூபம். கரும்புக் கத்திக்கும் டிராக்டருக்கும் எங்கள் அப்பா செய்ததுதான்.

எட்டரைக்கு நாண்டி ஆபீஸிலிருந்து மேனேஜர் பிரான்வின் கூப்பிட்டாள். ஆஸ்திரேலியக்காரி. என்னை சாம் என்றுதான் கூப்பிடுவாள்.

"எத்தனை, சாம்?"

"நூத்திப் பதினாலு."

"எந்தக் கிராமத்துச் சரக்கு?"

"இந்த மாசம் பூரா வுனிதோங்கோ மட்டும்தானே மேடம். மத்தவங்க புயலுக்கு அப்புறம் இன்னும் இறங்கலையே."

"அப்ப அவங்கதான். எதையோ கலந்து மயக்கிப் பிடிக்கிறாங்க. சயனைடா இருக்கும்."

"சயனைடுக்கு அவங்க எங்க போவாங்க? வேணும்னா வேரா இருக்கும்."

வாய் தவறி வந்த சொல் இல்லை அது. முதுகு வலித்தது, பழியை எங்காவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் இங்கே ஒரு கொடியின் வேரை இடித்துக் கரைத்து மீனை மயக்கிப் பிடிப்பார்கள். சட்டம் தடுத்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

"அடுத்த சனிக்கிழமையும் செத்தா அந்த ஊரை லிஸ்ட்லேர்ந்து எடுத்துடறேன்" என்றாள் பிரான்வின். "இனிமே அவங்ககிட்ட ஒரு மீன்கூட வாங்கறதில்ல."

வுனிதோங்கோவில் பதினோரு வீடு இந்த மீனை நம்பி இருக்கிறது. புயலில் மரவள்ளி எல்லாம் சாய்ந்துவிட்டது. வேறு பிழைப்பு கிடையாது. இது எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை படகு வந்தது. முக்குளிப்பவர்களுக்குத் தலைவன் செவுலோனி. ஆறடி, கழுத்தே தெரியாத தோள். பதினோரு வருஷமாக என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். அவன் அக்காளை நான் கட்டவில்லை, என் அக்காளை அவன் கட்டவில்லை. ஆனாலும் அவர்கள் வழக்கத்தில் மச்சான் முறை வைத்துவிட்டால் எவ்வளவு கிண்டலும் செய்யலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது.

"மச்சான், என்ன மூஞ்சி இது? செத்த மீனையெல்லாம் நீயே தின்னுட்டியா?"

"சிரிக்காத. வேர் போட்டுத்தானே பிடிக்கிறீங்க?"

"எந்த வேரு?"

"ஒண்ணும் தெரியாத பச்சப்புள்ள! இடிச்சுக் கரைக்கிற வேரு!"

அவன் சிரிப்பு நின்றது. பின்னால் அவன் ஆட்கள் ஏழு பேர். அதில் இரண்டு பேர் அவன் அண்ணன் மகன்கள். அவன் நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்திருந்த முக்குளிக் கண்ணாடியை எட்டிப் பிடுங்கி, மூக்கில் வைத்து மோந்து பார்த்தேன். உப்பு நாற்றம் தவிர ஒன்றுமில்லை.

இந்த ஊரில் இன்னொருவன் தலைக்கு மேல் கை நீட்டக் கூடாது. பக்கத்திலிருக்கும் சாமானை எடுக்க வேண்டுமென்றால்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் எடுப்போம். இங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஏழு பேரும் தரையைப் பார்த்தார்கள். செவுலோனி கண்ணாடியை வாங்கிக்கொண்டான்.

"சரிங்க, மிஸ்டர் அப்பலசாமி" என்றான்.

மிஸ்டர்!

"இந்த வாரச் சரக்குல பாதி உங்க தொட்டியில விடுங்க. மீதி பாதி வெளிய, அந்த ஈரப்பலா மரத்தடியில ரெண்டு டப்புல இருக்கட்டும். உங்க குழாயில வர்ற கடல் தண்ணிதான் ஊத்துவேன். பேட்டரி பம்பு என்கிட்ட இருக்கு. சனிக்கிழமை வரைக்கும் நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன். வேர் போட்டுப் பிடிச்ச மீனுன்னா ரெண்டு எடத்துலயும்தானே சாவணும்?"

"உட்காரு. எனக்கென்ன நஷ்டம்?" என்றேன்.

பாய் விரித்து உட்கார்ந்துவிட்டான். அவித்த மரவள்ளியும் டப்பா மீனும் அவன் சாப்பாடு. என் வீட்டுக்காரி தயாவதி கொடுத்தனுப்பிய ரொட்டியை நீட்டினேன். "வேண்டாங்க, மிஸ்டர்" என்றான். பதினோரு வருஷமாக என் டப்பாவைத் திறந்து, கேட்காமலே பாதியை எடுத்துக்கொண்டவன்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. தப்பு அவன் பக்கம் இருக்க வேண்டும், ஆனாலும் என் தொட்டியில் இருப்பது சாகாமல் இருக்க வேண்டும் என்று குழப்பமாக நினைத்தேன். இனி வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கக் கூடாது, அம்மனுக்குத் தினமும் தூபம் காட்டிவிடுவது என்று செவ்வாய் சாயந்திரமே ஆரம்பித்தேன்.

புதன் காலை முப்பத்தொரு இறால் மல்லாந்து கிடந்தன. மரத்தடியில் ஒன்றுகூடச் சாகவில்லை.

"உள்ள விட்டதுக்கு மட்டும் ஏதாவது தடவிக் குடுத்தியா?" என்றேன்.

செவுலோனி டப்பின் பக்கம் கை காட்டினான். "உங்க கையாலயே எடுங்க, மிஸ்டர். என் டப்புல எது நல்லாயிருக்கோ, நீங்களே பொறுக்கிக்கிட்டுப் போய் உள்ள விடுங்க."

அஞ்சு இறால் பொறுக்கினேன். மீசை நீளமாக, கொழுகொழுவென்று இருப்பதாகப் பார்த்து எடுத்து, என் கையாலேயே ஏழாம் தொட்டியில் விட்டேன். வியாழன் காலை அஞ்சும் செத்திருந்தன.

அதற்குப் பிறகும் ஒரு மனுஷன் வாதாடலாமா? நான் வாதாடினேன். வெயில் என்றேன். பௌர்ணமி என்றேன். அவன் பேட்டரி பம்பு ஏதோ விசேஷம் என்றேன். "அப்ப உங்க பெரிய பம்பு?" என்று மட்டும் கேட்டான். "புது மெஷின்டா அது, எண்ணெயே கிடையாது, நானே துடைச்சுப் பார்த்தேன்!" என்று கத்தினேன். அன்று சாயந்திரம் இரண்டு கைப்பிடி சாம்பிராணி அதிகமாகப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை அறுபத்திரண்டு செத்தன. மறுநாள் விமானம். தொட்டிகளில் அனுப்ப மீனில்லை. பிரான்வின் மூன்று முறை கூப்பிட்டாள், நான் எடுக்கவில்லை.

சாயந்திரம் நாலரை இருக்கும், வெளிச்சம் இன்னும் பளீரென்று இருந்தது. கொட்டகையின் பின்பக்கம் ஊதுபொறி இருக்கும் சின்ன அறையைத் திறந்தேன். மழைச்சாரல் அடிக்காமலிருக்க ஜன்னலுக்குப் பலகை அடித்திருந்தேன். தகரத் தட்டில் கொட்டாங்கச்சிக் கரியை ஊதிக் கனியவைத்து, சாம்பிராணி போட்டு, படத்துக்கு மூன்று சுற்றுக் காட்டி, தட்டை இயந்திரத்தின் அருகே கீழே வைத்தேன். கும்பிட்டுவிட்டு எப்போதும் போலக் கதவைச் சாத்தப் போனேன்.

கதவை ஒரு கை பிடித்தது. செவுலோனி.

"சாத்தாதீங்க. கொஞ்சம் நில்லுங்க."

"பூஜை நேரத்துல வந்து நிக்கிற!"

"புகை எங்க போவுது, பாருங்க."

பார்த்தேன். புகை மேலே போகவில்லை. திறந்திருந்த கதவு வழியாக வெளியேயும் வரவில்லை. தட்டிலிருந்து கிளம்பி, கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு, தரையோடு சாய்ந்து, நேராக ஊதுபொறியின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. ஒருத்தன் உறிஞ்சிக் குடிப்பது போல ஒரு இழை மிச்சமில்லாமல் குடித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து குழாய். குழாயிலிருந்து நாற்பது தொட்டி.

என் வாய் உடனே அடங்கிவிடவில்லை. "சாமிக்குப் போடுற சாம்பிராணிடா. அது எப்படிச் சாவடிக்கும்?"

அவன் குனிந்து, குச்சியால் கரியைக் கிளறினான். சாம்பிராணிக்கு நடுவே பச்சையாக வளைந்த துண்டுகள் கிடந்தன. ஒன்றைத் தள்ளி எடுத்தான்.

"இது சாமி சாப்பிடறதா, மிஸ்டர்?"

கொசுவர்த்திச் சுருள். மழைக்காலம், டெங்குப் பயம், அந்த அறையில் கொசு மொய்க்கும். சுருள் பெட்டியில் உடைந்த துண்டுகளை வீணாக்குவானேன் என்று கரியிலேயே போட்டுவிடுவேன். அம்மனுக்கும் ஆயிற்று, கொசுவுக்கும் ஆயிற்று. அப்புறம் புகை வீணாகாமல் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். பழைய பம்பு வெளியே மரத்தடியில் இருந்தது. தூபம் அதன் வாய்க்கு எட்டியதே இல்லை.

பெட்டி ஜன்னல் திட்டில் இருந்தது. செவுலோனி அதை எடுத்துத் திருப்பி, என் கையில் கொடுத்தான். பின்பக்கம் சின்ன எழுத்தில், மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சு, நீர்நிலைக்கு அருகில் பயன்படுத்தக் கூடாது என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. எழுத்துத் தெரியாதவனுக்காக ஒரு மீன் படமும் வரைந்து அதன் மேல் கோடு கிழித்திருந்தார்கள். வாராவாரம் கையில் எடுத்த பெட்டி. கொசுவும் இறாலும் ஒரே மாதிரிக் கணு வைத்த காலுள்ள ஜாதி. கொசுவைக் கொல்வது இறாலைத்தான் முதலில் கொல்லும். முதலில் இறால்கள் செத்தன, செத்தன என்று இரண்டு மாதம் நானே நோட்டில் எழுதியிருக்கிறேன். தூபம் காட்டிய நாளை மட்டும் எழுதவில்லை. பூஜையை எவன் நோட்டில் எழுதுவான்?

தட்டை எடுத்துக்கொண்டு போய் மணலில் கவிழ்த்தேன். கை சுட்டது. சுடட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிரான்வினை நானே கூப்பிட்டேன். செவுலோனி பக்கத்தில் நின்றான். சொன்னேன், எதையும் மறைக்கவில்லை.

"சாம், நீ ரெண்டு மாசமா கொசு மருந்தை மீனுக்கு ஊதியிருக்க."

"ஆமா மேடம்."

"அந்த ரூம்ல இனிமே நெருப்பு, புகை, எதுவும் கூடாது."

"அம்மன் படம் இருக்கலாமா?"

"படம் புகையுமா?"

"புகையாது."

"அப்ப இருக்கட்டும்." கூடவே, "கிராமத்தை லிஸ்ட்லேர்ந்து எடுக்கலன்னு சொல்லிடு. வேருன்னு சொன்னியே, அது உன் வாயிலேர்ந்து வந்ததுதான். அதை நீயே பார்த்துக்க" என்று வைத்துவிட்டாள்.

சொன்னேன். செவுலோனி தலையை ஆட்டினான், பாயைச் சுருட்டினான். இரண்டு டப்பிலிருந்த மீன்கள் அத்தனையும் உயிரோடு இருந்தன. மறுநாள் விமானத்தில் போனவை அவை மட்டும்தான். அந்த வாரத்துக்குப் பிறகு தொட்டியில் எப்போதாவது ஒன்றிரண்டு சாகும். அது சாதாரணச் சாவு.

திங்கள்தோறும் படகு வருகிறது. செவுலோனி மீனை எண்ணிக் கொடுக்கிறான், நான் எண்ணி வாங்குகிறேன். "சரிங்க, மிஸ்டர்" என்கிறான். ரொட்டி டப்பாவைத் திறந்தே வைக்கிறேன். அவன் கை அந்தப் பக்கம் வருவதில்லை.

இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சடங்குகளில் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேரை ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போக வேண்டும். வாசல் பக்கம் பாயில் தாழ உட்கார்ந்து, அந்த ஏழு பேரும் கேட்க, வேர்க்கட்டை முன்னால் வைத்து, நான் செய்தது தப்பு என்று வாயால் சொல்ல வேண்டும். அவன் அதைத் தொட்டு ஏற்றுக்கொண்டால் தீர்ந்தது. வேர்க்கட்டு வாங்கிவிட்டேன். அலமாரி மேல் இருக்கிறது. ஒரு ஞாயிறு மழை, ஒரு ஞாயிறு இடுப்பு வலி, ஒரு ஞாயிறு தயாவதியின் தங்கை வந்துவிட்டாள். "என்னைக்குத்தான் போகப் போறீங்க? பூச்சி அரிக்குது" என்று தயாவதி நேற்றும் கத்தினாள்.

ஆறு வாரம் ஆகிறது. ஏழு பேர் முன்னால் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று நான் செவுலோனிக்குக் கடன்பட்டிருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை.