இஸ்ரவேலின் தோள்

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. கிணறு இடிந்தது கொல்லம் ஆயிரத்து நூற்றிரண்டாம் ஆண்டு மீன மாதம் என்று தேவகனி வயதான காலத்தில் ஒருமுறை சொன்னாள். மேட மாதம் பிறந்துவிட்டது என்று இன்னொருமுறை சொன்னாள். ஆட்களும் நடந்ததும் அவள் சொல்லில் மாறியதில்லை. மற்றதை உத்தேசமாகத்தான் சொல்ல வேண்டும்.

இரணியலுக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பில் இரண்டு பேர் கிணறு வெட்டினார்கள். ஒருவன் தேவகனியின் புருஷன் ரசலையன். மற்றவன் அவளுடைய அண்ணன் இஸ்ரவேல், கல்யாணமாகாதவன். மண் இடிந்து விழுந்தது. மேலே நின்றவர்கள் அலறிக்கொண்டு தோண்டியபோது ரசலையன் கழுத்துவரை புதைந்து உயிரோடு கிடைத்தான். இஸ்ரவேல் அவனுக்கு அடியில் இருந்தான். அவனை எடுக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. எந்த நிலையில் இருந்தான் என்று தோண்டியவர்கள் தேவகனியிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து ரசலையன் கூரைக்குக் கீழே வரவில்லை. முற்றத்து அயனிமரத்தடியில் பாய் விரித்தான், அங்கேயே கஞ்சி குடித்தான். யாராவது கதவைச் சாத்தும் சத்தம் கேட்டால் எழுந்து ஓடினான். தேவகனிக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. வைகாசிப் பாதியில் தொடங்கும் எடவப்பாதி மழை நெருங்கிக்கொண்டிருந்தது. மழை பிடித்தால் இவர் எங்கே படுப்பார், பிள்ளை பிறந்தால் அதைப் பார்க்கவாவது உள்ளே வருவாரா என்பதுதான் அவளுக்கு இரவும் பகலும் யோசனை.

அவர்கள் போகும் கிறிஸ்தவ சபையில் ஒரு வழக்கம் உண்டு. சாவிலிருந்து தப்பியவர் அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சாட்சி சொல்லி ஸ்தோத்திரம் செலுத்த வேண்டும். உபதேசியார் ஞானதாசன் மரத்தடிக்கே வந்து கேட்டார்.

"ரசலையா, கர்த்தர் ஒன்னக் காப்பாத்தியிருக்காரு. சபை காத்திட்டிருக்கு. ரெண்டு வார்த்தை போதும் மக்கா."

ரசலையன் வேதக்கோயில் வாசல்வரை போனான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. வேர்த்து ஒழுக வெளியே வந்துவிட்டான். அடுத்தடுத்த வாரங்களிலும் அதே கதைதான்.

"பிழைச்சதுக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்ல வாய் வரல்ல பாத்தியா, தேவகனிக்க மாப்பிளைக்கு?" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. துக்கத்துக்கு அவர்கள் அறிந்த ஒரே மருந்து நன்றி சொல்வது. அதை விடாமல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மண் விழுந்து முறிந்திருந்த விலா எலும்பு மிஷன் ஆஸ்பத்திரி மருந்தில் கூடிவிட்டது. மூச்சு மட்டும் பாதியில் முட்டி நின்றது. மணவாளக்குறிச்சியிலிருந்து நாராயணபெருமாள் ஆசானை அழைக்கலாம் என்று தேவகனி தீர்மானித்தாள். வர்ம அடிகளைத் தடவிச் சரிசெய்கிறவர்.

"மந்திரம் கிந்திரம் ஒண்ணும் சொல்லமாட்டாருல்லா?" என்றார் உபதேசியார்.

"எண்ணெ போட்டுத் தடவுவாரு, அவ்வளவுதான்."

ஆசான் முற்றத்திலேயே பலகை போட்டார். எண்ணெய் சூடாக்கிக் கொடுப்பது தேவகனியின் வேலை. ஆசானிடம் ஒரு வைத்திய முறை இருந்தது. அவர் தடவி முடிக்கும்வரை படுத்திருப்பவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

"ஏலே, வாயை மூடாத. மூச்சு எங்க முட்டுதுண்ணு எனக்க கையிக்குத் தெரியணும்."

"என்னத்தப் பேச, ஆசானே?"

"எதையாவது பேசு. பெண்டாட்டி வைக்க மீன்கறியத் திட்டு."

"திட்டட்டும், திட்டட்டும். நாளைக்கு வெறுங்கஞ்சிதான்" என்றாள் தேவகனி.

தனக்குத் தெரிந்த சங்கீதங்களையெல்லாம் ரசலையன் சொல்லித் தீர்த்தான். பிறகு வெட்டிய கிணறுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். யாருடைய விளைநிலம், மேலே என்ன மண், எங்கே பாறை தட்டியது, எங்கே ஊற்று கண் திறந்தது. காலையில் தொடங்கினால் ஒரு கிணற்றிலிருந்து இன்னொரு கிணற்றுக்குப் போய்க்கொண்டே இருந்தான். ஒருநாள் பேச்சு கடைசிக் கிணற்றுக்கு வந்து நின்றது.

"நிறுத்தாதடே. மூச்சு நிக்கு" என்றார் ஆசான், நெஞ்சிலிருந்து கையை எடுக்காமல்.

ரசலையன் முகத்தை மரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"மண்ணு விழுந்தப்போ மச்சான் குனிஞ்சு கடவப்பெட்டியில மண்ணு அள்ளிட்டிருந்தான். அவனுக்கு இடுப்பு வரைக்கும் மூடிச்சு. அசைய ஒக்கல்ல. 'எனக்க தோளுல ஏறு'ண்ணான். ஏறினேன். பெறவும் இடிஞ்சுது. மண்ணுக்குள்ள வச்சு எனக்க ரெண்டு காலையும் பிடிச்சிட்டிருந்தான். கொஞ்ச நேரம் பிடிச்சிட்டிருந்தான். பெறவு விட்டான்."

ஆசானின் கை மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

"சபையில எழும்பி என்னத்தச் சொல்ல? மச்சான மிதிச்சு நின்னு பிழைச்சேன், ஸ்தோத்திரம்ணா?"

அடுப்பில் எண்ணெய் புகைந்தது. தேவகனி அதை இறக்கவில்லை. சட்டியோடு தூக்கி அவன்மேல் எறிய வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியதாகப் பின்னாளில் அவளே சொன்னாள். பிறகு அந்தக் கணமும் போய்விட்டது. எங்கோ தேங்காய் உரிக்கிற சத்தம் கேட்டு நின்றது.

"அண்ணன் பயந்தானா?" என்று கேட்டாள்.

"இல்ல. என்னத் திட்டினான். 'வெரசா ஏறு எருமை, பிள்ளை வரப்போவுது'ண்ணான்."

தேவகனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எருமை என்பது இஸ்ரவேல் பேச்சுக்குப் பேச்சு சொல்லும் வார்த்தை. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழத் தொடங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இத்தனை நாளும் அண்ணன் இருட்டில் ஆளில்லாமல் அழுது செத்ததாகவே அவள் நினைத்திருந்தாள். அப்படி இல்லை. திட்டிக்கொண்டு, ஒரு மனிதனைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறான்.

"இஞ்ச பாருங்க" என்றாள். "ஏறச் சொன்னது அவன். நீங்க மிதிக்கல்ல. அவன் சொன்னதத்தான் கேட்டிய."

ஆசான் அடுப்பைப் பார்த்தார். "எண்ணெ கரிஞ்சு போச்சு பிள்ளே. வேற ஊத்து."

மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும் ஆசான் பேசச் சொன்னார். ரசலையன் அந்தக் கதையையே திரும்பத் திரும்பச் சொன்னான். ஒருநாள் தேம்பினான். ஒருநாள் சொல்லி முடித்ததும் கஞ்சி கேட்டான். தேவகனி ஒவ்வொரு முறையும் உடனிருந்து கேட்டாள்.

மழை வந்தது. ரசலையன் மரத்தடியில் நனைந்து நின்றான். தேவகனி வாசல் கதவைக் கழற்றிச் சுவரில் சாத்தி வைத்தாள். அவன் நிலைப்படியில் தலையை வைத்து, முகத்தில் சாரல் விழ, உடம்பு உள்ளே இருக்கும்படி படுத்தான். சில இரவுகள் மறுபடியும் எழுந்து ஓடினான். பெரும்பாலும் ஓடவில்லை.

கர்க்கடக மாதத்தில் பிள்ளை பிறந்தது. அழுகை கேட்டு உள்ளே வந்து கையில் வாங்கினான். கூரையை நிமிர்ந்து பார்த்தவன் பிள்ளையோடு முற்றத்துக்கு இறங்கப் போனான்.

"ஏலே! மழையில எங்க கொண்டு போற, பிறந்த பிள்ளைய?" என்று மருத்துவச்சி அன்னக்கிளி கத்தினாள்.

திரும்பி வந்து சுவரோரம் உட்கார்ந்தான். விடியும்வரை அங்கேதான் இருந்தான்.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகையில் சாட்சி சொல்ல எழுந்தது தேவகனி. "எனக்க அண்ணன் இஸ்ரவேலுக்காக ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தாள். ரசலையன் கடைசி வரிசையில் இருந்தான். உபதேசியார் அவனை எழுப்பவில்லை. அன்றும் சரி, பிறகும் சரி.

ரசலையன் அதன்பின் கிணறு வெட்டவில்லை. தோப்பு குத்தகைக்கு எடுத்து ஓரளவு நன்றாகவே இருந்தான். உபதேசியார் வேறு சபைக்கு மாற்றலாகிப் போனார். ஆசான் சில வருஷத்தில் காய்ச்சலில் இறந்தார். அவர் சாவுக்குத் தேவகனியும் ரசலையனும் மணவாளக்குறிச்சிக்கு நடந்தே போய் வந்தார்கள். பிள்ளைக்கு ஞானபாய் என்று பேரிட்டார்கள், அவளுக்குப் பின் இரண்டு ஆண்பிள்ளைகள் பிறந்தன. இடிந்த கிணற்றை மண் போட்டு மூடி, மேலே தென்னை வைத்தார்கள். இவர்கள் எல்லோருக்கும் பிறகும் தேவகனி உயிரோடு இருந்தாள்.