மாமாவின் கம்ப்யூட்டரும் மச்சினனின் கம்ப்யூட்டரும்

அந்த ஸ்கேன் சென்டரில் காலை வேலை சண்டையோடுதான் தொடங்கும். முன்னறைக் கம்ப்யூட்டர் முதலாளியுடையது. கம்பெனியிடம் காசு கொடுத்து வாங்கிய இயங்குதளம். உள்ளறையில் இருப்பது அவர் மச்சினனுடையது. அதில் ஓடுவது, யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கக்கூடிய ஓப்பன் சோர்ஸ் இயங்குதளம். ஸ்கேன் படங்கள் இரண்டிலும் சேமிக்கப்படும்.

“உன்னோடதுக்கு அப்பன் ஆத்தா யாரு மாப்ள? ஏதாவது ஆனா யார் சட்டையப் புடிக்கிறது?”

“ஊரே உள்ள எட்டிப் பாக்குது மாமா, திருடன் எங்க ஒளிவான்? உங்களோடது மூடுன பொட்டி. உள்ள பாம்பு இருந்தாலும் கம்பெனி சொன்னாத்தான் தெரியும்.”

இருவர் பேச்சிலும் பாதி நியாயம் இருந்தது. மீதிப் பாதியை இருவருமே பேசவில்லை. பாதுகாப்பு அப்டேட் போடச் சொல்லி இரண்டு திரைகளும் மாதக்கணக்கில் கெஞ்சிக்கொண்டிருந்தன. நோயாளி படுத்திருக்கும்போது கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தால் மானம் போய்விடும் என்று முதலாளி அதை நிறுத்தியே வைத்திருந்தார். மச்சினனுக்கோ, தன் கம்ப்யூட்டரை வைரஸ் அண்டாது என்ற மிதப்பு. போதாததற்கு, மாமாவின் மறதிக்கு மரியாதை செய்து இரண்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தான். சென்டரின் பெயர்தான். வாசல் போர்டில் ஆளுயர எழுத்தில் தொங்கும் பரம ரகசியம்!

அன்று ஒரு பஸ் டிரைவர் மனைவியோடு வந்தார். மூளையில் கட்டி. வளர்ந்திருந்தால் ஆபரேஷன், இல்லையென்றால் மருந்தே போதும். கையில் கொடுத்த பிலிம் தொலைந்துவிட்டதால், சென்டரில் சேமித்திருக்கும் பழைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் டாக்டர் சொல்ல வேண்டும்.

முதலாளி படத்தைத் தேடினார். திரை சிவந்தது. ‘உங்கள் கோப்புகள் எங்கள் வசம்.’

“நான் சொல்லல?” என்று சிரித்தபடி மச்சினன் உள்ளறைக்கு ஓடினான். சிரிப்பு அங்கேயே செத்தது. அப்டேட் போடாத ஓட்டை வழியாக முன்னறைக் கம்ப்யூட்டரில் புகுந்த இணையத் திருடன், அதே பாஸ்வேர்டைப் போட்டு இதிலும் புகுந்து, எல்லாவற்றையும் துடைத்திருந்தான்.

போனில் டாக்டர் எரிந்து விழுந்தார். “பழைய படம் இல்லாம நான் என்ன ஜோசியமா பாக்குறது? கட்டி வளர்ந்திருந்தா உசுருக்கே ஆபத்து, காத்திருக்கவும் முடியாது. தலையத் தொறந்துதான் பாக்கணும்.”

“தேவையில்லாத ஆபரேஷனா இருந்துட்டா?” என்றாள் டிரைவரின் மனைவி. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“என் சிஸ்டம் மேல தப்பில்ல மாமா...” மச்சினன் பழக்கதோஷத்தில் முனகினான்.

“வாய மூடு மாப்ள!” முதலாளியின் குரல் உடைந்தது. “உன்னோடதும் நல்லதுதான், என்னோடதும் நல்லதுதான். நாமதான் சரியில்ல. எந்தக் கம்ப்யூட்டரும் தன்னைத்தானே காப்பாத்திக்காது. அதை வெச்சிருக்கிறவன்தான் காப்பாத்தணும். நம்ம சோம்பலுக்கு இப்ப அந்த மனுஷன் தலையக் குடுக்கப் போறாரு.”