நாற்பத்திரண்டு விதிகளும் ஒரு கதவும்

மனித இனம் குகையை விட்டு வெளியே வந்து வீடு கட்டிக்கொண்ட நாள் முதல் எவராலும் எட்ட முடியாத ஓர் உன்னத நிலையை, மூன்றாவது மாடியில் உள்ள ஒரு வாடகை வீடு ஞாயிற்றுக்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்கு எட்டிவிட்டது என்பதைச் சகலருக்கும் தெரிவித்துக்கொள்கிறோம். அந்த வீட்டுக்குள் இனி எந்தக் குழந்தைக்கும் எந்த ஆபத்தும் வர வழியே கிடையாது. அறிவிப்பை வெளியிட்டவர் அந்த வீட்டின் தலைவர். வெளியிட்ட இடம் ஃபிரிட்ஜ் கதவு.

'இல்லப் பாதுகாப்பு விதிகள் - 42' என்று தலைப்புப் போட்டு, பிளாஸ்டிக் உறை மாட்டி, நான்கு மூலையிலும் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார். அடியில் அவருடைய கையெழுத்து. அதற்குக் கீழே மனைவியுடையது. கூரியர்காரர் நீட்டும் தாளில் போடுவது போல, படிக்காமலே போட்டது. அதற்கும் கீழே நீல மையில் ஒரு கட்டைவிரல் ரேகை. ரேகைக்குச் சொந்தக்காரிக்கு வயது இரண்டே கால். பெயர் என்று ஒன்று இருந்தது. ஆனால் அவளைக் கூப்பிடுவது 'சுண்டு' என்றுதான்.

அவர் பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி. அடுப்புப் பக்கத்தில் தொப்பி இல்லாமல் நிற்பவனை நாற்பது அடி தூரத்திலிருந்து விசில் ஊதிப் பிடிப்பார். நண்பர்கள் அவரை 'ஆபீசர்' என்று கூப்பிட்டார்கள். கிண்டல் என்று அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

அன்று மதியச் சாப்பாட்டுக்கு நண்பன் ஒட்டடையும் அவன் மனைவியும் வருவதாக ஏற்பாடு. ஒட்டடை லிஃப்ட் மெக்கானிக். நெடுநெடுவென்று இருப்பதால் அந்தப் பட்டம். மனைவிக்கு ஏழாவது மாதம். குழந்தை பிறக்கப் போகும் வீட்டுக்காரர்கள் கண் திறக்கட்டும் என்று ஆபீசர் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சுற்றுலா வைத்திருந்தார். அதற்கென்றே தொழிற்சாலையில் கொடுத்த, 'விழிப்பே உயிர்' என்று எழுதிய பனியனைத் துணி அறையில் தேய்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் முன்னதாகவே மணி அடித்துவிட்டது. கட்டியிருந்த லுங்கிக்கு மேல் நேற்றைய சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார்.

"வாங்க, வாங்க. செருப்ப அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விடணும். ரெண்டாவது விதி."

"என்னடா ஆபீசர், வீடா இது, விமான நிலையமா?" என்றான் ஒட்டடை.

"சிரிடா, சிரி. உனக்கும் ஒண்ணு வரும்ல, அப்ப தெரியும்."

சுற்றுலா தொடங்கியது. சுண்டு ஒரு காலில் மட்டும் சாக்ஸ் போட்டுக்கொண்டு எல்லார் காலுக்கும் நடுவில் ஓடினாள். மேஜை முனைகளுக்கெல்லாம் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. அடிபட்டு மருத்துவமனையில் படுத்திருப்பவை போல நின்றன. சமையலறை இழுப்பறை ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு. கத்திக்குத் தனிப் பூட்டு. மின்சாரப் பெட்டிக்கு ஒரு பித்தளைப் பூட்டு, சாவி எப்போதும் அவரிடம். சுத்தியல், திருப்புளி எதுவும் வீட்டில் கிடையாது. எல்லாம் தொழிற்சாலைக்குப் போய்விட்டன.

"அண்ணா, ஒரு ஆப்பிள் நறுக்கணும்னா?" என்று ஒட்டடையின் மனைவி கேட்டாள்.

"விண்ணப்பம் போடணும்," என்றாள் ஆபீசரின் மனைவி, சமையலறையிலிருந்து. அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துப் படித்து, எதற்கும் பதற்றப்படாத குரல் வந்துவிட்டிருந்தது.

"அவ கிண்டல் பண்ணுவா. நீ இத கவனி. பதினாலு: அறைக்குள்ள தாழ்ப்பாளே கூடாது. எல்லாத்தையும் கழட்டிட்டேன். இருபத்து மூணு: வியாழக்கிழமை தச்சர் வந்து துணி ரூம் கதவுல வேலை பாத்துட்டுப் போனார்."

"என்ன வேலை?"

"அத அப்புறம் சொல்றேன், இருபத்து நாலு ரொம்ப முக்கியம்," என்று ஆபீசர் நடந்தார்.

நடையின் கடைசியில் துணி அறை. கதவு பாதி திறந்து கிடந்தது. உள்ளே துவைத்த துணி மலை போலக் குவிந்திருக்கும். விருந்தாளி பார்க்கத்தக்க காட்சியல்ல. 'திறந்து கிடக்கும் கதவைக் கண்டவர் உடனே மூட வேண்டும்' என்பது ஆறாவது விதி. பேச்சை நிறுத்தாமலே கதவைக் குதிகாலால் ஓர் உந்து உந்தினார். டக். நிலையில் போய் இறுக்கமாகப் பொருந்திக்கொண்டது.

கூடத்துக்குத் திரும்பி உட்கார்ந்தார்கள். மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"சுண்டு எங்க?"

"உங்கூடத்தானே இருந்தா?"

"என்கூடவா? உங்க பின்னாடிதானே ஓடிவந்தா?"

அரை நிமிஷமாக வீட்டில் எதுவும் உடையவில்லை, எதுவும் கவிழவில்லை, யாரும் எதையும் தரச் சொல்லி அழவில்லை. அது சரியில்லை என்று நாலு பேருக்கும் ஒரே சமயத்தில் பட்டது.

நடைக் கோடியிலிருந்து குரல் வந்தது. "அப்பா?"

ஆபீசர்தான் முதலில் ஓடினார். துணி அறைக் கதவின் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினார். அசையவில்லை. தோளை வைத்துத் தள்ளினார். நிலை கிறீச்சிட்டது, கதவு அசையவில்லை.

"உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா!" என்று அறிவித்தார்.

"எந்தத் தாழ்ப்பாள்? பதினாலாவது விதின்னு நீங்கதானே கழட்டுனீங்க?"

கதவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, விபத்து அறிக்கை எழுதும் குரலில், "அப்ப துணி காயப்போடற ஸ்டாண்ட் விழுந்து கதவ அடைச்சிருக்கு. அதான் காரணம்," என்றார். காரணம் கிடைத்துவிட்டதால் எல்லாருக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது. ஒட்டடையும் ஒரு தோள் கொடுத்தான்.

அப்போதுதான் ஆபீசருக்கு ஒன்று உறைத்தது.

மணி அடித்தபோது அவர் கையில் இருந்தது இஸ்திரிப் பெட்டி. அதை நிமிர்த்தி வைத்த ஞாபகம் இல்லை. அணைத்த ஞாபகமும் இல்லை. பனியன்மேல் குப்புற வைத்தது வைத்தபடி ஓடியிருந்தார். அதன் ஒயர் மேஜை விளிம்பிலிருந்து கீழே தொங்கும். எவ்வளவு கீழே என்றால், இரண்டே கால் வயதுக் கைக்குச் சரியாக எட்டும் அளவுக்கு. ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த முதல் விதியே அதுதான்: 'சூடான எதையும் விட்டு நகராதே.'

சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். பக்கத்தில் மனைவி நின்றாள். அந்தப் பக்கம் ஒட்டடை. வாயை மூடிக்கொண்டு இன்னும் பலமாகத் தள்ளினார்.

உள்ளே இருந்து ஒரு முக்கல் கேட்டது. "ம்ம்ம்ம்..."

"எதையோ இழுக்கறா," என்றாள் மனைவி.

எதை என்று அவருக்குத் தெரியும். "சுண்டு! எதையும் தொடாத கண்ணு!"

"தொட மாத்தேன்." கொஞ்சம் இடைவெளி. "ம்ம்ம்ம்..."

ஒட்டடை தள்ளுவதை நிறுத்திவிட்டுக் கதவின் ஓரத்தைத் தடவிப் பார்த்தான். "டேய் ஆபீசர், கீலெல்லாம் வெளியில இருக்குடா. அப்படின்னா..."

"அப்படின்னா கழட்டிடலாமா?"

"கழட்டலாம், அது இல்ல நான் சொல்ல வர்றது..."

"பேசாத. எடு, கழட்டு!"

"எதால? திருப்புளி குடு."

திருப்புளி தொழிற்சாலையில் இருந்தது. வண்டியில் போக இருபது நிமிஷம். கத்தி பூட்டுக்குள் இருந்தது. ஒட்டடையின் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடி ஒரு கரண்டியோடு வந்தாள். இருபது மாடி லிஃப்டுகளை ஓட வைத்த மனிதன், கரண்டிக் காம்பை வைத்துக் கீலை நோண்டினான். காம்பு வளைந்தது.

அப்போது மனைவி தலையை நிமிர்த்தி மோந்து பார்த்தாள். "ஏதோ கருகுது."

"அடுப்பு..." என்றான் ஒட்டடை.

"அடுப்ப நான் அணைச்சிட்டேன்."

இனி மறைக்க முடியாது. வாசனை கதவுக்கு அடியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"இஸ்திரிப் பெட்டி," என்றார் ஆபீசர், கதவைப் பார்த்தபடி.

"அதுக்கென்ன?"

"ஆன்ல இருக்கு."

மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "எவ்ளோ நேரமா?" என்று மட்டும் கேட்டாள், காலாவதியான மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் குரல்.

"இவங்க மணி அடிச்சதுலேர்ந்து."

"அது அப்பவே தெரியுமா உங்களுக்கு? கதவத் தள்ளும்போதே?"

அவர் கதவை இன்னும் அழுத்தினார்.

"மெயினை அணைடா மொதல்ல!" என்று ஒட்டடை மின்சாரப் பெட்டிக்குப் பாய்ந்தான். பித்தளைப் பூட்டு அவனைப் பார்த்து மின்னியது. "சாவி!"

"என் பேன்ட் பாக்கெட்ல."

"பேன்ட் எங்க?"

ஆபீசர் மறுபடியும் கதவைப் பார்த்தார். தேய்க்க வைத்திருந்த துணிகளில் மேலே கிடந்தது அதுதான்.

ஒட்டடையின் மனைவி சுவரில் சாய்ந்து அழத் தொடங்கினாள். ஆபீசரின் மனைவி தரையில் மண்டியிட்டுக் கதவிடுக்கில் வாயை வைத்தாள்.

"சுண்டு, அம்மா பேசறேன். டேபிள் பக்கம் போகாத. கதவுகிட்ட வந்து நில்லு."

"நிக்கறேன்."

"கதவத் தொட்டுக்கிட்டு நில்லு. தொட்டுட்டியா?"

"தொட்டுத்தேன். அம்மா, அப்பா தள்றா."

"அப்பா உன்னக் காப்பாத்தத்தான்டா தள்றேன்!" என்று ஆபீசர் குரல் உடைந்து கத்தினார்.

"நவுருங்கடா, நான் இடிச்சு உடைக்கறேன்," என்று ஒட்டடை பின்னால் போனான்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? கதவ ஒட்டி நிக்கறா. உடைஞ்சா அவ மேலதான் விழும்!"

"தள்ளி நிக்கச் சொல்லு."

"தள்ளின்னா எங்க? அங்க டேபிள் இருக்குடா!"

கதவுப் பக்கம் நிற்கச் சொன்னால் கதவு. விலகச் சொன்னால் இஸ்திரிப் பெட்டி. கருகல் நாற்றம் இப்போது நடை முழுவதும் இருந்தது. இடுக்கில் மெல்லிசாக ஒரு புகை தெரிந்தது. உள்ளே சுண்டு இருமினாள். ஒரே ஒரு தடவை. ஆபீசர் கன்னத்தையும் தோளையும் பலகையோடு ஒட்டவைத்து, இருந்த எடை அத்தனையும் போட்டு அழுத்திக்கொண்டிருந்தார். எண்பத்தாறு கிலோ. கையை எடுத்தால் குழந்தையே கைவிட்டுப் போய்விடும் என்பது போல இருந்தது அவருக்கு.

"ம்ம்ம்ம்," என்றது உள்ளே. பிறகு அழுகை. "அப்பா போ! அப்பா போ!"

மனைவி எழுந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்தாள். "நகருங்க."

"இரு, இப்ப வந்துரும்..."

"பயப்படறா, கேக்கலயா? நகருங்கன்னா நகருங்க!"

இழுத்த இழுப்பில் ஒரு பித்தான் தெறித்தது. அவர் எதிர்ச் சுவர் வரைக்கும் பின்வாங்கினார். ஆறு நிமிஷத்தில் முதல் தடவையாக அந்தக் கதவின்மேல் யார் கையும் இல்லை. ஆபீசரால் ஒரு மூச்சுக்குமேல் அப்படி நிற்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மறுபடி பாய்ந்தார்.

அதே நேரத்தில் கதவு திறந்தது. அவரை நோக்கித் திறந்தது. விளிம்பு நடு நெற்றியில் வந்து விழுந்தது. அப்படியே கீழே உட்கார்ந்தார்.

வாசலில் சுண்டு நின்றாள். மூக்கு ஒழுகியது. தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. ஒரு கை கதவில், இன்னொரு கையில் அப்பாவின் பேன்ட். பாக்கெட்டுக்குள் சாவி கிலுங்கியது. மனைவி அவளை வாரியெடுத்து, கை, கால், விரல், முகம் என்று ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கும் ஒன்றுமில்லை. இரண்டாவது தடவை பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

ஒட்டடை உள்ளே பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான். ஜன்னலைத் திறந்தான். பனியனைத் தூக்கிக்கொண்டு வந்தான். 'விழிப்பே' மட்டும் மிச்சம். மற்றது இருந்த இடத்தில் இஸ்திரிப் பெட்டியின் வடிவத்தில் ஓட்டை. துணி ஸ்டாண்ட் நிமிர்ந்தபடி மூலையில் நின்றது. கதவை எதுவும் அடைத்திருக்கவில்லை.

"அப்பா தள்ளித்தா," என்று சுண்டு அம்மாவின் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு புகார் சொன்னாள். "நானும் தள்ளினேன்."

ஒட்டடை வளைந்த கரண்டியால் கீலைச் சுட்டிக் காட்டினான். "இதத்தான்டா அப்பவே சொல்ல வந்தேன். பேசாதன்னுட்ட."

மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஃபிரிட்ஜுக்குப் போனாள். கையெழுத்துப் போட்ட பிறகு முதல் தடவையாக அந்தத் தாளை வாசித்தாள். "இருபத்து மூணு. கதவுக்குப் பின்னால் நிற்கும் குழந்தையின்மேல் கதவு இடிக்கக்கூடும். எனவே துணி அறைக் கதவு இனி வெளிப்பக்கமாகவே திறக்கும்."

ஆபீசர் நெற்றியில் எழும்பிய புடைப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு தரையிலேயே இருந்தார்.

ஆறு நிமிஷமாகச் சுண்டு அந்தக் கதவைத் திறந்துகொண்டுதான் இருந்தாள். மூடிக்கொண்டிருந்தவர் அவர்.