குழாயில் காற்று

பாறை சரிந்ததை முதலில் பார்த்தவள் மாரக்காள். கல் கூடையை வாங்கிக்கொள்வதற்காகக் கிணற்றின் பாதிப் படியில் நின்றிருந்தாள். அடியில் அவள் புருஷன் சென்றாயன் இடுக்கில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். படுத்திருந்த எருமை எழுவதுபோல அந்தப் பெரிய பாறை நிதானமாக அசைந்தது. பிறகு சறுக்கி வந்து அவன் இடது காலின் மேல் உட்கார்ந்துகொண்டது. அது விட்டுப்போன பொந்திலிருந்து தண்ணீர் பீறிட்டது.

"ஊத்து! ஊத்து வந்துருச்சு!" என்று கிணற்று மேட்டிலிருந்து கத்தினான் கந்தப்பன். அவனுடைய காடு அது. பள்ளிபாளையத்துக்குக் கிழக்கே, காவிரி கூப்பிடு தூரத்தில் ஓடியும் ஒரு சொட்டு ஏறாத மேட்டுக்காடு. எத்தனையோ கோடையாக அவன் காத்திருந்த தண்ணீர். சென்றாயனின் அலறல் அதற்குப் பிறகுதான் அவன் காதில் விழுந்தது. தன் குரலில் இருந்த சந்தோஷம் கிணற்றுச் சுவரில் முட்டித் திரும்பி வந்ததையும் அவன் கேட்டான்.

படிகளில் தாவி இறங்கினான். கிணற்றின் நடுமட்டத்தில் பாறையைக் குடைந்து ஒரு மேடை வெட்டியிருந்தார்கள். அங்கேதான் பம்பும் அதை ஓட்டுகிற எஞ்சினும் இருந்தன. எஞ்சின் ஒரு பழைய லாரியினுடையது. உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது, உடம்பெல்லாம் துருப்பிடித்த அந்த டீசல் லாரியைக் கந்தப்பன் எடுத்து வந்து, எஞ்சினை மட்டும் கழற்றிக் கிணற்றில் இறக்கியிருந்தான். அவனே பட்டாளத்தில் லாரி ஓட்டியவன். அஸ்ஸாம் மலைப் பாதையில் இதே மாதிரி எஞ்சினோடு மழையில் படுத்து எழுந்தவன். காலையில் ஓட்டிக் கிணற்றை வற்றவைத்துவிட்டு, எண்ணெய் எளிதில் கிடைக்காத காலம் என்று அவன்தான் அதை நிறுத்தி வைத்திருந்தான்.

கீழே எட்டிப் பார்த்தான். சென்றாயன் மல்லாந்து கிடந்தான். அவன் தம்பி கருப்பண்ணன் பாறையின் அடியில் கடப்பாரையைக் கொடுத்து முக்கினான். அது அசையவில்லை. தண்ணீர் சென்றாயனின் இடுப்புக்கு வந்திருந்தது.

"எஞ்சினப் போடுங்க பண்ணாடி!" என்றாள் மாரக்காள்.

கந்தப்பன் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினான். எஞ்சின் உறுமவில்லை, இருமக்கூட இல்லை. மறுபடி சுற்றினான். புகைக் குழாயைப் பார்த்தான். ஒரு இழை புகை வரவில்லை. புகை இல்லையென்றால் உள்ளே எண்ணெய் போகவில்லை. தொட்டியைத் திறந்து விரலை விட்டான், எண்ணெய் இருந்தது. வடிகட்டியின் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அமுக்கினான். எண்ணெயோடு நுரை வந்தது. காற்று புகுந்திருக்கிறது. நுரை நிற்கும்வரை அமுக்கினால் சரியாகிவிடும். மலைப் பாதையில் எத்தனை முறை செய்திருக்கிறான். அமுக்கினான், அமுக்கினான். நுரை நிற்கவேயில்லை.

மேலே அவன் மனைவி சென்னியம்மாள் யாரும் சொல்லாமலேயே மாடுகளைப் பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்கத் தொடங்கியிருந்தாள். தோல் சால் இறங்கி, மொண்டு, கிறீச்சிட்டு ஏறியது. அது ஒரு தடவை ஏறுவதற்குள் ஊற்று அதைவிட அதிகம் கொட்டியது. கருப்பண்ணன் கடப்பாரையைப் போட்டுவிட்டு அண்ணனின் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டான். தண்ணீர் இப்போது மார்பில்.

"அவள மேல போகச் சொல்லுங்க பண்ணாடி," என்றான் சென்றாயன் அடியிலிருந்து. "பாக்க வேண்டாமுங்க."

"நா போகமாட்டேன்," என்றாள் மாரக்காள்.

கந்தப்பன் அமுக்குவதை நிறுத்தினான். காற்று எங்கோ ஓர் இடத்தில் உள்ளே போகிறது. தொட்டிக்கும் கைப்பம்புக்கும் நடுவே வளைந்து வரும் செம்புக் குழாயைக் கண்ணால் தடவினான். நசுங்கல் இல்லை, ஈரம் இல்லை. பாறை சரிந்தபோது கல் தெறித்திருக்கலாம். விரிசல் அடிப்பக்கம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத் தெரியலாம். ஆனால் கப்பியின் கிறீச்சும் மாடு ஓட்டும் குரலும் கிணறு முழுக்க நிறைந்திருந்தன.

"சென்னி, கவலைய நிறுத்து!" என்று அண்ணாந்து கத்தினான்.

"என்னங் பண்ணாடி சொல்றீங்க?" மாரக்காள் அவன் முன்னால் வந்து நின்றாள். "இறைக்கறதே அது ஒண்ணுதானுங். அதையும் நிறுத்தினா?"

"சத்தம் கேக்கோணும் மாரக்கா. காத்து போற சத்தம். கொஞ்ச நேரம்."

"அதுக்குள்ள அவரு மூழ்கிட்டா?"

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு மேலே பார்த்து, "நிறுத்துங்கம்மா," என்றாள்.

கப்பி நின்றது. ஊற்றின் சத்தம் மட்டும் மிஞ்சியது. அது அதுவரை இருந்ததைவிடப் பெரிதாகக் கேட்டது. கந்தப்பன் தரையில் படுத்துக் குழாயின் மேல் காதை ஓட்டிக்கொண்டே கைப்பம்பை அமுக்கினான். தொட்டிப் பக்கம் ஒன்றுமில்லை. வளைவில் ஒன்றுமில்லை. இரும்புச் சட்டத்தின் அடியில் குழாய் நுழையுமிடத்தில், தூங்குகிற பிள்ளை மூச்சு விடுவதுபோல ஒரு சின்னச் சீற்றம். விரலை வைத்தான். நின்றது. எடுத்தான். வந்தது.

"சவுக்காரம்! சென்னி, துவைக்கிற சவுக்காரத்த வீசு! கவலைய ஓட்டு!"

சவுக்காரக் கட்டி மேடையில் விழுந்து உடைந்தது. தலைத்துண்டைக் கிழித்து, பிசைந்த சவுக்காரத்தை விரிசலில் அப்பி, மேலே இறுக்கிச் சுற்றினான். மறுபடி திருகு, மறுபடி கைப்பம்பு. நுரை மெலிந்தது, குமிழிகளாயிற்று, பிறகு கண்ணாடிபோல வெறும் எண்ணெய் வழிந்தது. ஹேண்டிலைப் பிடித்தான். தோளில் பலம் இல்லை. மாரக்காள் கேட்காமல் வந்து மறுபக்கம் பிடித்தாள். ஒரே இரும்பை இரண்டு பேரும் பிடித்துச் சுற்றினார்கள். ஒன்றுமில்லை. கீழே கருப்பண்ணன், "அண்ணா, தலையத் தூக்கு, தூக்கு," என்று அழுதான். மறுபடி சுற்றினார்கள். எஞ்சின் ஒருமுறை இருமியது. வெள்ளைப் புகை ஒரு பந்து. இன்னொரு முறை சுற்றியபோது ஹேண்டில் அவர்கள் கையைத் தட்டிவிட்டது. கிணறு முழுவதும் அதிர்ந்தது.

தண்ணீர் உடனே குறையவில்லை. சென்றாயனின் தாடையருகே நின்றது. ஊற்றும் பம்பும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன. கவலையும் சேர்ந்தபோதுதான் கழுத்து தெரிந்தது, பிறகு தோள். எஞ்சின் சத்தம் கேட்டுப் பக்கத்துக் காட்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். கடப்பாரைகள் ஒன்றாக இறங்கின. பாறை நகர்ந்தபோது சென்றாயன் கத்தவில்லை, மயங்கியிருந்தான்.

கயிற்றுக் கட்டிலில் வைத்து அவனை ஏற்றினார்கள். மேடையைக் கடக்கும்போது கந்தப்பன் அந்தக் காலைப் பார்த்தான். முழங்காலுக்குக் கீழே அது வேறு யாருடையதோ போலத் தொங்கியது. மாரக்காள் கட்டிலைப் பிடித்தபடி ஏறினாள். அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஈரோட்டு ஆஸ்பத்திரிக்கு வண்டி புறப்பட்ட சத்தத்தை அவன் எஞ்சின் இரைச்சலில் கேட்கவில்லை.

வெகுநேரம் கழித்துச் சென்னியம்மாள் படியில் இறங்கி வந்தாள்.

"எல்லாரும் போயிட்டாங்க. நிறுத்துங்க."

அவன் நிறுத்தும் கம்பியில் கையை வைத்தான். அடியில் ஆள் இல்லை என்பதைக் குனிந்து பார்த்துக்கொண்டான். நிறுத்தாமலேயே கையை எடுத்துவிட்டான்.

மேலே, மடை திருப்ப ஆளில்லாத தண்ணீர் வாய்க்காலை உடைத்துக்கொண்டு, உழாத புழுதிக்காட்டில் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வெடிப்புகளில் இறங்கியது, நிரம்பியது, அடுத்த வெடிப்பைத் தேடியது. எங்கிருந்தோ வந்த இரண்டு கொக்குகள் அதன் முன்னால் ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கி நடந்தன.