எந்தப் பாப்பா?

உங்கள் வீட்டில் பாப்பா என்று யாரைக் கூப்பிடுவீர்கள்? எங்கள் வீட்டில் அது நான்தான். கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரரும் அப்படியே கூப்பிடப் பழகிக்கொண்டார். போன வாரம் மகள் பிறந்ததும், துணைக்கு வந்த என் அக்கா அந்தப் பெயரைப் பிடுங்கி அவளுக்குக் கொடுத்துவிட்டாள். நான் வெறும் "ஏய்" ஆகிவிட்டேன்.

குளித்துவிட்டு வந்தபோது, அக்கா குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் வீட்டுக்காரர் லாரியிலேர்ந்து போன் பண்ணினாரு. பாப்பாவுக்கு மாத்திரை குடுக்க மறந்துடாதீங்கன்னாரு. குடுத்தாச்சு."

"அவளுக்குச் சொட்டு மருந்துக்கா. மாத்திரை எனக்கு."

"மாத்திரைன்னுதானே சொன்னாரு? ஊசியால குத்தி வாயில பிழிஞ்சேன். சப்புக்கொட்டிக் குடிச்சா, உன்னை மாதிரியே."

மேசையில் அந்த எண்ணெய் மாத்திரையின் கூடு சப்பையாகக் கிடந்தது. என் உடம்பில் சத்து குறைவு என்று வாரம் ஒன்று விழுங்கச் சொன்ன வைட்டமின் டி. குழந்தைக்குத் தினம் ஒரு சொட்டுதான். அந்த ஒரு மாத்திரையில் அவளுடைய ஐந்து மாதச் சொட்டு இருந்தது.

பிரசவத் தையல் இழுக்க இழுக்க ஓடி, ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன்.

"மாத்திரை அட்டையில இருக்கிறதைப் படிங்க" என்றாள் நர்ஸ்.

படித்தேன்.

"வாந்தி எடுத்தாளா?"

"இல்லை."

"பால் குடிக்கிறாளா?"

"தூங்குறா."

"எழுப்பிப் பாருங்க. எதுவானாலும் உடனே தூக்கிட்டு வாங்க. அட்டையையும் எடுத்துக்கங்க."

உள்ளங்காலைச் சுண்டினேன். முகத்தைச் சுளித்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை.

டாக்ஸியில் போகும்போது வீட்டுக்காரர் மறுபடி போனில் கூப்பிட்டார்.

"எந்தப் பாப்பாவுக்குக் குடுக்கச் சொன்னீங்க?" என்றேன்.

"இதென்ன கேள்வி? உனக்குத்தான்."

அக்காவின் காதிலும் அது விழுந்தது.

"திட்டிடுடி. இப்படி வாயை மூடிட்டு வராதே."

"திட்டத் தெம்பில்லை. அவ மூச்சு விடுறாளா பாரு."

அக்கா குழந்தையின் மூக்கடியில் விரலை வைத்தவள், ஆஸ்பத்திரி வாசல் வரை எடுக்கவில்லை.

குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். அப்போதுதான் அழுதாள்.

"வைட்டமின் டி கூடினதால ரத்தத்துல கால்சியம் ஏறுதான்னு பார்க்கணும்" என்றார் டாக்டர். "இன்னைக்கு இங்கேயே இருங்க. காலையில மறுபடி எடுப்போம். இப்போதைக்குச் சொட்டு மருந்து வேண்டாம்."

"ஒண்ணும் ஆகாதில்ல டாக்டர்?"

"காலையில சொல்றேன்."

மறுநாள் காலை கால்சியம் ஏறவில்லை என்று சொன்னார்கள். அடுத்த வாரமும் ரத்தம் எடுக்க வரச் சொன்னார்கள். மகள் பால் குடித்தாள். அக்கா அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி, "ஏய், வாயைத் திற" என்று என் வாயில் போட்டாள்.